மளிகைச் சீட்டுதான் பாடப்புத்தகம்: ஊரில் உணவு வகுப்பு நடத்துவது எப்படி

ஊட்டச்சத்து வகுப்பு என்றாலே சுவரில் ஒரு படத்தை மாட்டி, வைட்டமின் ஏ, பி, சி என்று வரிசையாகச் சொல்லிப் போவதுதான் வழக்கம். வந்தவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். மறுநாள் அடுப்பில் அதே எண்ணெய், தட்டில் அதே சோறு. வைட்டமின் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. மாதா மாதம் கடையில் போடும் மளிகைச் சீட்டு எல்லாருக்கும் தெரியும். ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது என்பது அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. வகுப்பை அங்கிருந்து தொடங்கினால் பேச்சு வீடு வரைக்கும் போகும்.

சுய உதவிக் குழு நடத்துபவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. மொத்தம் நான்கு வகுப்பு, வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் அடுப்பு வேலை நினைவுக்கு வந்து ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள்.

ஏற்பாடு

பன்னிரண்டு பேரிலிருந்து இருபது பேர் வரை போதும். மதியம் மூன்று மணிக்கு மேல் வையுங்கள். காலையில் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது, அவர்கள்தான் முக்கியமாக வர வேண்டியவர்கள். மருமகள்களை மட்டும் கூப்பிடாதீர்கள். பல வீடுகளில் எண்ணெய்ப் பாத்திரம் மாமியார் கையில் இருக்கும், கடைக்குப் போவது வீட்டு ஆண்களாக இருக்கும். அவர்கள் வராத வகுப்பில் கற்றது அடுப்படி வாசலோடு நின்றுவிடும்.

வேண்டிய பொருட்கள் அதிகமில்லை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று, 5 மில்லி, 15 மில்லி அளவுக் கரண்டிகள், நான்கு கண்ணாடித் தம்ளர், ஒரு வாணலி, வழக்கமாகச் சாப்பிடும் எவர்சில்வர் தட்டு இரண்டு. அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், உப்பு, சர்க்கரை, அன்றைக்குக் கிடைக்கும் காய், கீரை. படம், புரொஜெக்டர் எதுவும் தேவையில்லை. பொருள் கண்ணெதிரே இருக்கும்போது படத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

முதல் வகுப்பு: சீட்டைப் பிரித்துப் பார்ப்பது

முந்தின வாரமே சொல்லி வையுங்கள்: போன மாதச் சீட்டைக் கொண்டு வாருங்கள், ரேஷனில் வாங்கியதையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் யாருடைய சீட்டையும் சபையில் வாசிக்கக் கூடாது. ஒருவர் வீட்டுக் கணக்கு இன்னொருவருக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். நீங்களாக ஒரு மாதிரிச் சீட்டை எழுதிப் பலகையில் போடுங்கள். அவரவர் தம் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு மனத்துக்குள் ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

அளவுகோலுக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் கணக்கு: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்களும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகளும் எள் போன்ற வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. காய், கீரை, பழம், பால் தவிர எல்லாம் சமைக்காத உலர்ந்த எடை. இந்தக் கிராம் கணக்கை அப்படியே ஒப்பித்தால் வகுப்பு அன்றோடு முடிந்தது. இதை மாதக் கணக்காக, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாற்றிச் சொல்லுங்கள்.

எண்ணெய்: 27 கிராமை நான்காலும் முப்பதாலும் பெருக்கினால் 3,240 கிராம். ஏறக்குறைய மூன்றரை லிட்டர். சீட்டில் ஐந்து, ஆறு லிட்டர் இருந்தால் கூடுதல் எங்கே போகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ரேஷனில் வரும் ஒரு லிட்டர் பாமாயிலைக் கூட்ட மறந்துவிடுவார்கள், நினைவூட்டுங்கள்.

உப்பு: ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். அப்படியானால் ஒரு கிலோ பொட்டலம் நான்கு பேருக்கு ஐம்பது நாள் வர வேண்டும். பொட்டலம் ஒரு மாதத்திலேயே தீர்கிறதென்றால் கைத்தாராளம்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் இவற்றில் உள்ளது இந்தக் கணக்கில் வராது.

சர்க்கரை: ஒருவருக்கு நாளைக்கு 25 கிராமுக்குள் என்றால் நான்கு பேருக்கு மாதம் மூன்று கிலோ. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் சேர்த்துத்தான் மூன்று கிலோ. இந்த இடத்தில் கட்டாயம் ஒரு வாக்குவாதம் வரும். "கருப்பட்டி உடம்புக்கு நல்லதுதானே?" என்பார்கள். மணமும் சுவையும் கொஞ்சம் தாது உப்பும் அதில் உண்டு, உண்மைதான். ஆனால் ரத்தத்துக்குள் போனதும் அதுவும் சர்க்கரையாகத்தான் வேலை செய்யும். இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நல்லது என்று நம்பி சர்க்கரை நோயாளிகள் இரண்டு மடங்கு போட்டுக் குடிக்கிற வீடுகள் நிறைய உண்டு.

கடைசியில் பருப்புக்கு வாருங்கள். நான்கு பேருக்கு மாதம் பத்து கிலோ என்று சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ரேஷனில் கிடைக்கும் துவரம் பருப்பு ஒரு கிலோ. இட்லி மாவில் போகும் உளுந்து, சட்னிக்குப் பொட்டுக்கடலை, சுண்டலுக்குக் கொண்டைக்கடலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் பாதியைத் தொடாத சீட்டுகளே அதிகம். பயந்துவிடாமல் ஒரு மாற்றுக் கணக்கும் கொடுங்கள். ஒரு முட்டையின் புரதம் சுமார் 30 கிராம் பருப்புக்குச் சமம். நூறு கிராம் மீன் ஒரு நாள் பருப்பை ஈடுகட்டிவிடும். துவரைக்குப் பதில் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, காய்ந்த பட்டாணி என்று மாற்றி வாங்கினால் புரதம் குறையாது, செலவும் பெரும்பாலும் குறையும்.

வகுப்பு முடியும்முன் எண்ணெயைக் கண்ணால் பார்க்க வையுங்கள். வெறும் வாணலியைத் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, "நாலு பேருக்கு உருளைக்கிழங்கு வறுவல், வீட்டில் ஊற்றுவது போலவே ஊற்றுங்கள்" என்று சொல்லுங்கள். தராசின் எண் ஏறிக்கொண்டே போகும். சுற்றி நிற்பவர்கள் குனிந்து பார்ப்பார்கள். கண்ணளவில் ஊற்றும் கை பெரும்பாலும் 50, 60 கிராமுக்குக் கீழே நிற்காது. நான்கு பேருக்கு நாள் முழுவதற்கும் உள்ளது 108 கிராம். ஒரு பொரியலே பாதியைத் தின்றுவிட்டது என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. தோசைக்கும் இதே கணக்கு: ஒரு தோசைக்கு ஒரு சின்னக் கரண்டி, அதாவது 5 மில்லி என்றாலும், மூன்று தோசையில் ஒருவருடைய அன்றைய எண்ணெயில் பாதி முடிந்துவிடும்.

வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை கொடுங்கள். காலையில் 120 மில்லி எண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிவைத்து, அன்றைய சமையல் முழுவதையும் அதற்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். முதல் நாள் மதியத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும், பரவாயில்லை. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெயை விட்டால் குறைந்த எண்ணெயே பரவும், பாத்திரத்தை மூடி வேகவைத்தால் காய் அடி பிடிக்காது. இந்த இரண்டும் தெரியாமல் எண்ணெயை மட்டும் குறைத்தால் பொரியல் கருகும், வீட்டில் சண்டை வரும், மறுநாளே பழைய கணக்குக்குத் திரும்பிவிடுவார்கள்.

இரண்டாம் வகுப்பு: "தொட்டுக்க" என்ற சொல்

நம் சாப்பாட்டு முறையின் சிக்கல் ஒரே சொல்லில் ஒளிந்திருக்கிறது. "தொட்டுக்க என்ன?" என்று கேட்கிறோம். சோறுதான் சாப்பாடு, காய் தொட்டுக்கொள்ள. முதல் சோறு சாம்பாருக்கு, இரண்டாவது ரசத்துக்கு, மூன்றாவது மோருக்கு. மூன்று தடவையும் சோறு விழுகிறது, பொரியல் மட்டும் முதலில் வைத்த ஒரு கரண்டியோடு நின்றுவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான இண்டியாப் ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் இருப்பதாகவும் கணித்தது. அதற்குக் காரணங்கள் பல. தட்டில் நம் கையால் மாற்றக்கூடியது இந்த மூன்று தடவைச் சோறு.

இரண்டு தட்டு வையுங்கள். ஒன்றில் ஒருவர் வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்குச் சோறு போடச் சொல்லி எடை பாருங்கள். நூறு கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். ஆகவே தட்டில் 600 கிராம் சோறு இருந்தால் ஒரே வேளையில் 200 கிராமுக்கு மேல் அரிசி உள்ளே போகிறது. காலை இட்லி, இரவு தோசை தனி. இன்னொரு தட்டில் பாதி காயும் கீரையும், கால் பாகம் சோறு, மீதிக் கால் பாகத்தில் கெட்டிப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர். இரண்டு தட்டையும் அருகருகே வைத்துவிட்டு நீங்கள் சிறிது நேரம் பேசாமல் இருங்கள்.

பிறகு வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது வயிறு நிறையுமா?" நியாயமான கேள்வி. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால் நிறையாது, நான்கு மணிக்கே பசிக்கும், கை பிஸ்கட்டைத் தேடும். குறைத்த இடத்தில் பருப்பும் காயும் ஏறினால்தான் நிற்கும். சாம்பாரைக் காட்டி விளக்குங்கள்: நான்கு பேருக்கு வைக்கும் சாம்பாரில் நூறு கிராம் பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம்தான். அந்தப் பருப்பைப் பச்சையாக நான்கு தட்டில் பிரித்துக் காட்டுங்கள், ஒரு பிடிக்கும் குறைவாக இருக்கும். சாம்பாரைத் தண்ணீராகக் கரைப்பதால் பருப்பு கூடிவிடாது. ரசத்தில் அதுவும் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டிய மாற்றம் பரிமாறும் முறையில் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்ததும் பொரியலையும் பருப்பையும் சுண்டலையும் முதலில் நாலு வாய் வெறுமனே சாப்பிட வேண்டும். பிறகு அந்த வேளைக்கான சோற்றை ஒரே தடவையில் தட்டில் போட்டு, அதையே சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். சோற்றுப் பாத்திரம் அடுப்படியிலேயே இருக்கட்டும், காய்ப் பாத்திரம் முன்னால் வரட்டும். காயும் புரதமும் முதலில் போனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையின் வேகம் குறையும்.

இரண்டு எச்சரிக்கை. வயல் வேலை, கட்டட வேலை, சுமை வேலை செய்பவர்களுக்கு 2000 கலோரி போதாது, அவர்கள் சோற்றைக் குறைக்கச் சொல்லாதீர்கள், பருப்பைக் கூட்டச் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றைப் பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்புண்டு.

சிறுதானியம் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எல்லாம் நல்லவை. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசி பக்கத்தில் வர முடியாது. ஆனால் அவையும் மாவுச்சத்துதான். சோற்றுக்குப் பதிலாக வர வேண்டுமே தவிர சோற்றோடு கூடுதலாக வரக் கூடாது. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும், களியாகவோ அடையாகவோ காயோடு சாப்பிடுவது மேல்.

மூன்றாம் வகுப்பு: ரத்தசோகை

இந்த வகுப்புக்குச் செவிலியரையும் அழையுங்கள், கையோடு ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின், கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மூச்சு வாங்குவதையும் களைப்பையும் "வேலை ஜாஸ்தி" என்று நினைத்துக்கொண்டே பல வருடம் ஓட்டிவிடும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொள்வதே அவர்களுக்குப் பெரிய உதவி.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஏற்கெனவே ரத்தம் குறைந்தவருக்குக் கீரையும் பேரீச்சையும் மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரையை முழுக்க எடுத்தாக வேண்டும். மலம் கருப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துவார்கள், அது மாத்திரையின் நிறம், ஆபத்தில்லை. வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். பாலோடும் டீயோடும் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளைத் தவறவிடக் கூடாது, குடற்புழு இருந்தால் சாப்பிட்டதெல்லாம் வீண்.

உணவுப் பக்கத்தில் டீதான் பெரிய எதிரி. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். இதற்குக் காசு செலவில்லை, அதனால் எல்லாரும் செய்யக்கூடியது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றில் உள்ள வைட்டமின் சி நேர்மாறாக வேலை செய்யும். கீரைக் கூட்டை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது, சுண்டல் சாப்பிட்டதும் அரைக் கொய்யா தின்பது, இவ்வளவுதான். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்து கொதிக்கவிட்டால் வைட்டமின் சி வீணாகும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) இருக்கின்றன, இறைச்சியில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாக ஒட்டும். கர்ப்பிணிகளுக்கு ஈரல் அடிக்கடி வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

செய்முறைக்குப் பயறு முளைகட்டுவதை வையுங்கள். நூறு கிராம் பச்சைப்பயறு, உடைந்ததையும் சுருங்கியதையும் பொறுக்கிவிட்டு மூன்று தண்ணீரில் கழுவி, எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீரை ஒட்ட வடித்து ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு முறை துணி மேல் தண்ணீர் தெளியுங்கள். நம் வெயிலுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் முளை எட்டிப் பார்க்கும், ஒரு நாளில் அரை அங்குலம் வரும். நாற்றமோ பிசுபிசுப்போ வந்தால் தண்ணீர் சரியாக வடியவில்லை, அல்லது துணியை இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்று பொருள். அதைக் கழுவிச் சமைக்கலாம் என்று நினைக்காமல் கொட்டிவிட வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது, முளைவிடும் அதே ஈரச்சூட்டில் கிருமியும் வளரும். நன்றாக வேகும்வரை ஆவியில் வைத்துத் தாளித்துக் கொடுங்கள். முளைகட்டும்போது இரும்பைத் தடுத்து வைத்திருக்கும் பைட்டேட் குறைகிறது, அதற்காகத்தான் இந்த ஒரு நாள் காத்திருப்பு.

முருங்கைக்கீரை கசக்கிறது என்று பிள்ளைகள் ஒதுக்கினால் முற்றிய இலையையும் காம்பையும் விட்டு இளசாக உருவி, பருப்பு முக்கால் வேக்காடு வந்ததும் கடைசியில் போடுங்கள். கீரையைக் கழுவிய பிறகே நறுக்க வேண்டும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது.

நான்காம் வகுப்பு: பாக்கெட்டின் பின்பக்கம்

இதைப் பிள்ளைகளோடு நடத்துங்கள், ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் கணக்கை அவர்களே போட்டுவிடுவார்கள். வீட்டிலிருந்து காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுத்து பொடியாக இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் படிக்கலாம். எந்தப் பொருள் அதிகமோ அது சேர்பொருள் வரிசையில் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் கோதுமைக் கதிர் படம் போட்டிருக்கும். பின்பக்கம் முதல் பெயர் மைதாவாக இருந்தால் அது மைதா பிஸ்கட்.

சர்க்கரைக் கணக்கு: நூறு கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று போட்டிருப்பதைப் பாக்கெட்டின் எடைக்கு மாற்ற வேண்டும். நூறுக்கு 25 கிராம், பாக்கெட் 60 கிராம் என்றால் 15 கிராம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி 4 கிராம், ஆக ஏறக்குறைய நான்கு கரண்டி. பாட்டில் குளிர்பானங்களில் பல, நூறு மில்லிக்குப் பத்து கிராமைத் தாண்டும்; 250 மில்லியில் ஆறு கரண்டிக்கு மேல். ஒரு பிள்ளையை எழுப்பி அந்தச் சர்க்கரையைக் கண்ணாடித் தம்ளரில் கரண்டி கரண்டியாகப் போடச் சொல்லுங்கள், மற்றவர்கள் எண்ணட்டும். நான்காவது கரண்டியில் குரல் மாறும். பாலில் கலக்கும் மாவுகளையும் இதே தராசில் வையுங்கள். அவற்றை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

உப்புக்கு பாக்கெட்டில் சோடியம் என்றுதான் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. சோடியம் 800 மில்லிகிராம் என்றால் உப்பு 2 கிராம், ஒரு நாள் அளவில் பாதிக்குச் சற்றே குறைவு.

"இதெல்லாம் சாப்பிடவே கூடாது" என்று தடை போடாதீர்கள். மறைத்து வாங்கித் தின்பார்கள். அந்த நேரத்துக்கு மாற்றாக என்ன இருக்கிறது என்பதை வகுப்பிலேயே ருசிக்கக் கொடுங்கள்: தட்டைப்பயறு சுண்டல், வேர்க்கடலை, கொய்யா. புதுக் காயை ஒரு பிள்ளை ஒதுக்கினால் கட்டாயப்படுத்தாமல் சின்னச் சின்ன அளவில் எட்டுப் பத்து முறை தட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் அதற்குள் தொடுவார்கள். இரண்டாவது முறையிலேயே பெற்றோர் கைவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரு மாதம் கழித்து

நான்கு வாரம் முடிந்ததும் எல்லாரையும் மறுபடி கூட்டி அந்த மாதச் சீட்டைப் பழைய சீட்டோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடை குறைந்ததா என்று கேட்க வேண்டாம், ஒரு மாதத்தில் எடை எதையும் சொல்லாது. எண்ணெய் வரியும் பருப்பு வரியும் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண்ணெய் ஒரு லிட்டர் இறங்கி, அந்தப் பணத்தில் பயறோ முட்டையோ ஏறியிருந்தால் வகுப்பு வேலை செய்திருக்கிறது. தீபாவளி, பொங்கல், வீட்டு விசேஷம் விழுந்த மாதத்தை ஒப்பிடாதீர்கள், அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். எதுவும் மாறாத வீடுகளில் கடைக்குப் போகிறவர் யார் என்று விசாரித்து, அவரை அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுங்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தவர்கள் பெயரைச் செவிலியர் குறித்து வைத்திருப்பார். அவர்களை மறுபரிசோதனைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.